கிற்றாரின் ஒலி எங்கே பிறக்கிறது?

இசைக் கலைஞர் இருவர் ஓரிடத்திற் கூடினால், இசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர்த் தத்தம் கருவிகளைப் பற்றியே பேசத் தொடங்குவர். நாகசுரக்காரர் சீவாளியின் பதத்தைச் சொல்லுவார். மிருதங்கக்காரர் வலந்தலையின் தோலையும் கரணையையும் சொல்லுவார். வீணைக்காரர் வெயிலில் இளகிப்போன மெழுகைப் பற்றி முறையிடுவார். இவ்வழக்கம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. மேனாடுகளில் மின்சாரக் கிற்றார் வாசிப்போரிடையே அஃது ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஒருவர் தம் கருவியின் மரத்தைப் புகழ்வார். மற்றொருவர் அதன் காந்தத்தைப் புகழ்வார். மூன்றாமவர் தாம் கழற்றி மாற்றிய ஒரு சிறு மின்னுறுப்பினாற் கருவியே புதிதாய்ப் பிறந்துவிட்டதென்று சாதிப்பார்.

அயலிலிருந்து கேட்போர்க்கு இது வீண்பேச்சாகத் தோன்றலாம். ஆனால் இப்பேச்சின் அடியிலே மெய்யான ஒரு வினா உண்டு. ஒரு கருவியின் ஒலி அக்கருவியின் எப்பகுதியிலே பிறக்கிறது? இவ்வினாவிற்கு விடை தெரியாமற் பணத்தைச் செலவிடுவோர் பலர். பழைய நல்ல கருவிகளைத் துளையிட்டும் செதுக்கியும் கெடுத்தோரும் பலர். ஆதலின் இதனைச் சற்று நிதானமாக ஆராய்தல் பயனுடைத்து.

வீணையிலே தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாகக் குடத்தை அடைந்து, குடத்தின் பலகையும் அதனுள் அடங்கிய காற்றும் அதிர்வதனால் நமது செவிக்கு எட்டுகிறது. மின்சாரக் கிற்றாரில் நிகழ்வது வேறு. அதன் உடல் பெரும்பாலும் உள்ளீடற்றதன்று, முழு மரக்கட்டை. தந்திகள் உருக்கினாலோ நிக்கலினாலோ ஆனவை. அவற்றின் கீழே பிக்கப் எனப்படும் உறுப்பொன்று பதிக்கப்பட்டிருக்கும். காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றிய சுருளுமே பிக்கப் ஆகும். தந்தி அதிரும்பொழுது சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அவ்வோட்டத்தை அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கி பெருக்க, ஒலிபெருக்கி அதனை ஓசையாக்குகிறது. எனவே நாம் கேட்பது மரத்தின் ஓசையன்று. தந்தி அசைந்த வரலாற்றை மின்சாரம் எடுத்துரைக்கும் முறையே ஆகும்.

இம்முறையில் வெற்றிகண்ட முதற்கருவி 1931, 1932 ஆம் ஆண்டுகளிலே கலிபோர்ணியாவில் ஜோர்ஜ் பீச்சம், அடோல்ப் ரிக்கன்பாக்கர் என்னும் இருவரது முயற்சியால் தோன்றியது. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கிற்றாராகிய அது அலுமினியத்தால் வார்க்கப்பட்டது; தோற்றத்தினாற் 'பொரிக்கும் தட்டம்' என்று பெயர் பெற்றது. மரமே இல்லாத கருவியொன்று இந்த மரபைத் தொடக்கிவைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அடுத்த பெரும் மாற்றத்தைச் செய்தவர் லியோ பெண்டர். அவர் கலிபோர்ணியாவின் புல்லர்ரன் நகரில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தி வாழ்ந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1950 இல் அவர் விற்பனைக்குக் கொணர்ந்த கருவி 1951 முதல் ரெலிகாஸ்ரர் என்று வழங்கலாயிற்று. 1954 இல் ஸ்ராற்றோகாஸ்ரர் வெளிவந்தது. இவற்றின் சிறப்பு யாதெனில், தண்டியும் உடலும் ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் இணைக்கப்பட்டமையாகும். பழுதுபார்ப்பவருக்கு எது எளிதோ அதுவே பெண்டரின் கண்ணுக்கு அழகாகத் தோன்றியது போலும். தண்டி பழுதுபட்டாற் கழற்றி வேறொன்று பூட்டலாம். மின்னுறுப்புக்கள் கெட்டால் முகப்புத் தகட்டை நீக்கி மாற்றலாம். இங்ஙனம் திருகாணி ஒன்றைக் கையில் எடுத்தவர் எவராயினும் தம் கருவியின் தச்சராகும் வாய்ப்பு உண்டாயிற்று.

கிப்சன் நிறுவனம் 1952 இல் வெளியிட்ட லெஸ் போல் என்னும் கருவி வேறு வழியிற் சென்றது. மகோகனி உடலின்மேல் மேப்பிள் மரம் ஒட்டி, தண்டியையும் பசையினால் இணைத்தனர். தந்தியின் நீளம் பெண்டர் கருவிகளில் 25½ அங்குலம். கிப்சனில் ஏறக்குறைய 24¾ அங்குலம். ஒரே தந்தியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், நீளம் குறைந்த கருவியில் இழுவிசை குறையும். விரலுக்குத் தந்தி மெத்தென்று இருக்கும். இவ்விரு கருவிகளையும் கையில் எடுத்தவர் முதலில் உணரும் வேற்றுமை இதுவே.

மற்றைய வேற்றுமை பிக்கப்பிலே உள்ளது. ஒற்றைச் சுருள் தந்தியின் அதிர்வை மாத்திரமன்றி, அருகேயுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். இதனைத் தீர்க்கக் கிப்சனிற் பணியாற்றிய செத் லவர் என்பவர் ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப்பை அமைத்து, 1955 இல் உரிமைப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். இரு சுருள்களிலும் காந்தமுனைகள் எதிரெதிராக உள்ளன. இணைப்பும் எதிரெதிராக உள்ளது. தந்தியின் ஓசை இருமுறை புரண்டு நேராகிக் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ ஒருமுறை மாத்திரம் புரண்டு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஆயினும் இரைச்சலோடு கூர்மையும் சிறிது குறைந்துவிடுகிறது. அதனாலே தெளிந்த கூரிய நாதத்தை விரும்புவோர் ஒற்றைச் சுருளையும், செறிந்த நாதத்தை விரும்புவோர் இரட்டைச் சுருளையும் இன்றும் போற்றுகின்றனர். இஃது உண்மையான வேற்றுமை. எவர் செவிக்கும் புலப்படுவது.

இனி, வாசிப்போர் செய்த மாற்றங்களை நோக்குவோம். ஸ்ராற்றோகாஸ்ரரில் மூன்று பிக்கப்புகள் உண்டு. அவற்றைத் தெரிவதற்கு மூன்று நிலைகளையுடைய ஆளியொன்றை அமைத்திருந்தனர். அவ்வாளியை இரு நிலைகளுக்கு இடையே நிறுத்தினால் அடுத்தடுத்த இரண்டு பிக்கப்புகளும் ஒருங்கே ஒலித்து, மணிபோன்ற ஒரு புது நாதம் எழுவதை வாசிப்போரே கண்டுபிடித்தனர். ஆளியை நடுவில் நிறுத்தும் இவ்வுபாயம் பரவியபின், 1977 இல் நிறுவனமே ஐந்து நிலை ஆளியைப் பூட்டி விற்கத் தொடங்கிற்று. மாணாக்கர் ஆசிரியருக்குக் கற்பித்த கதை இது.

1964 இல் இலண்டனிலே கிங்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தமது ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறிக் கரகரத்த ஓசையை உண்டாக்கினார். முன்னாளிற் பழுது எனப்பட்டது, அன்றுமுதல் ஒரு பாணியாயிற்று. 1963 இல் பிறையன் மே என்ற பள்ளி மாணவரோ விலையுயர்ந்த கருவி வாங்க வசதியின்மையால், தந்தையாருடன் சேர்ந்து ஏறக்குறைய ஈராண்டு உழைத்துத் தமது கிற்றாரைத் தாமே செய்தார். தண்டிக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம். சுருதியை அசைக்கும் பொறிக்கு மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்கள். பின்னாளிற் குவீன் குழுவில் உலகம் கேட்டது அக்கருவியின் குரலையே.

அமெரிக்காவில் எடி வான் ஹேலன், பெண்டர் முறையிலமைந்த உடலிலே கிப்சன் முறைப் பிக்கப்பைப் பதித்தார். பேரோசையிற் பிக்கப்பின் சுற்றுக்கள் தாமே அதிர்ந்து கீச்சிடுவதைத் தடுக்க, அதனை உருகிய பரபின் மெழுகில் அமிழ்த்தியெடுத்தார். இரு மரபுகளின் நலன்களையும் ஒருங்கே விரும்பினார். எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. ஆதலின் தாமே ஆக்கினார். அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு 1978 இல் வெளிவந்தபின், அவ்வமைப்பு பல நிறுவனங்களின் வழக்கமாயிற்று.

இவர்கள் எல்லாரிடத்தும் ஒரு பொதுமை காணலாம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டுவது இன்னதென்று முதலில் அறிந்தனர். அதன்பின்னரே கருவியில் கை வைத்தனர். தமிழிசையோடு தொடர்புடைய உதாரணமும் உண்டு. 1969 இல் ஆந்திரத்திற் பிறந்து 2014 இற் சென்னையில் மறைந்த மாண்டலின் சீனிவாஸ், இரட்டை இரட்டையாய் எட்டுத் தந்திகள் பூட்டிய மேனாட்டு அமைப்பை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளையுடைய மின்சார மாண்டலினிலே வாசித்தார். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க ஒற்றைத் தந்தி இடந்தந்தது. சுரம் நீண்டு நிற்க மின்சாரம் துணைசெய்தது. மாற்றம் கேட்டது இராகத்தின் தேவை.

தேவையின்றிச் செய்யும் மாற்றங்களோ வேறு வகையின. பிக்கப்பின் சுருளும், கருவியிலிருந்து விரியலாக்கிக்குச் செல்லும் வடத்தின் கொள்ளளவும் சேர்ந்து, பெரும்பாலும் ஒரு செக்கனுக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளுக்கு இடையே ஒரு பரிவை உண்டாக்குகின்றன. அப்பரிவின் இடமும் உயரமுமே ஒலியின் நிறத்தைப் பெரிதும் வகுப்பன. வடத்தின் நீளத்தைக் கூட்டினாற் பரிவு கீழிறங்கி ஒலி மங்கும். குறைத்தால் ஒலி கூராகும். 250 கிலோ ஓம் மாறுந்தடைக்குப் பதில் 500 கிலோ ஓம் தடையைப் பூட்டினால் மேற்றொனிகள் தெளிவாகும். இவை மலிவான மாற்றங்கள், பலன் கேட்கக்கூடியது. ஆனால் தொனியைக் குறைக்கும் கொள்ளளவி பழங்காலத்தது என்பதற்காகப் பெருவிலை கொடுத்து வாங்குவோர், அதன் பெறுமானம் புதியதன் பெறுமானத்தோடு ஒத்திருப்பின், தொனித் திருகை முற்றத் திறந்து வாசிக்கும்பொழுது வேற்றுமை கேட்பது அரிது என்பதை உணரவேண்டும்.

மரத்தைப் பற்றிய வாதமே யாவற்றினும் நீண்டது. மரம் தந்தியின் அதிர்விலிருந்து சிறிது ஆற்றலை வாங்கிக்கொள்வது உண்மை. கருவியின் பாரமும் கைக்கு அதன் இணக்கமும் மரத்தைப் பொறுத்தவை. ஆயினும் பிக்கப்பை அரை அங்குலம் நகர்த்துவதாலும், விரியலாக்கியை மாற்றுவதாலும் உண்டாகும் வேற்றுமைக்கு முன்னே, முழுக்கட்டையுடைய கருவிகளில் மரத்தின் வேற்றுமை சிறியதே. பெயர்பெற்ற மரங்களுள் விரற்பலகைக்குரிய தோதகத்தி தென்னிந்தியக் காடுகளிலும் வளர்வது. அம்மர இனத்தின் பன்னாட்டு வணிகம் 2017 முதற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது. மரத்தின் பெயரை மாத்திரம் கேட்டு விலை கொடுப்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அங்ஙனமாயின் இரு கருவிகளை நேர்மையாக ஒப்பிடும் வழி யாது? முதலாவது, இரண்டிலும் ஒரே வகையான புதுத் தந்திகளைப் பூட்டவேண்டும். பழந்தந்தியும் புதுத்தந்தியும் தரும் வேற்றுமை சில வேளை பிக்கப்புகளின் வேற்றுமையையே மறைத்துவிடும். இரண்டாவது, ஓசையின் அளவைச் சமமாக்கவேண்டும். சற்று உரத்து ஒலிப்பதையே செவி நல்லதென்று தீர்ப்புச் சொல்லும். மூன்றாவது, ஒரே விரியலாக்கி, ஒரே வடம், ஒரே கை இருக்கவேண்டும். நான்காவது, கேட்பவர் கருவியைக் காணாதிருத்தல் வேண்டும். பெயரையும் வண்ணத்தையும் கண்டபின் செவி நடுநிலை தவறும். இச்சோதனைக்குப் பின்னும் நிற்கும் வேற்றுமையே பணம் பெறத்தக்க வேற்றுமை.

இவ்வாறு சோதியாது மாற்றியோர் இழந்தது சிறிதன்று. 1950களின் பிற்பகுதியில் ஹம்பக்கரோடு வெளிவந்த லெஸ் போல் கருவிகளுக்கு மதிப்பு ஏறியபொழுது, அதற்கு முந்திய பொன்னிறக் கருவிகள் பலவற்றை அவற்றைப்போல ஆக்குவதற்காகக் குடைந்தும் வண்ணத்தைச் சுரண்டியும் மாற்றினர். பின்னர் அப்பொன்னிறக் கருவிகளும் அரும்பொருள்களாயின. குடைந்த மரத்தை மீட்க வழியில்லை. மறுபுறத்தே, எரிக் கிளப்ரன் மூன்று பழைய ஸ்ராற்றோகாஸ்ரர்களின் உறுப்புக்களைச் சேர்த்துப் பூட்டிய கருவி 2004 இல் 959,500 டொலருக்கு ஏலம்போயிற்று. டேவிட் கில்மோர் 1970 இல் வாங்கித் தண்டி, பிக்கப், ஆளி எனப் பன்முறை மாற்றிய கரிய ஸ்ராற்றோகாஸ்ரர் 2019 இல் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலரைப் பெற்றது. இவற்றின் விலை உறுப்புக்களின் விலையன்று; அவற்றைக்கொண்டு வாசித்த கைகளின் விலை.

ஆகவே கருவியில் மாற்றஞ் செய்ய விழைவோர்க்கு அனுபவசாலிகள் கூறும் விதி ஒன்றே: திருகாணியால் மீளப் பூட்டக்கூடியதை அஞ்சாது மாற்றுக, கழற்றிய உறுப்புக்களை எறியாது பேணி வைக்க, உளியும் துளைப்பானும் வேண்டும் மாற்றமாயின், ஓராண்டு பொறுத்திருந்து அக்கருவியை நாள்தோறும் வாசிக்க. அவ்வோராண்டில் விரல் பழகித் தந்தியை அழுத்தும் அளவும் மீட்டும் இடமும் தேர்ந்துவிடும். தந்தியைக் குதிரையின் அருகே மீட்டினாற் கூரிய நாதமும், தண்டியின் அருகே மீட்டினாற் கனிந்த நாதமும் எழும். கடையிலே தேடிய ஒலியைப் பலர் அப்பொழுது தம் வலக்கையிலே கண்டெடுப்பர்.