மணியும் நூலும் உரைக்கும் சரித்திரம்

அடிமை வியாபார நாட்களில், சோழமண்டலக் கரையில் நெய்த நீலத் துணியும் வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணியும் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. நெய்த கைகள் இதனை அறிந்திருக்க வழியில்லை.

அம்மணிகளைக் கொண்டே அநீதியைக் காட்டுபவர், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜாய்ஸ் ஸ்காட் அம்மையார். 1948-இல் பால்டிமோரில் பிறந்தவர். அவர்தம் தாயார் எலிசபெத், தென் கரோலினாவில் வாரக் குடியானவர் குடும்பத்தில் பிறந்து, ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்தவர். மகளோ ஊசியும் நூலும் கொண்டு மணிமணியாகக் கோத்து, இனக்கொடுமைகளை உருவங்களாக்கினார். வெனிஸை அடுத்த முரானோ தீவிலும் கண்ணாடி வேலை செய்தார். 2016-இல் மக்ஆர்தர் நிதிப் பரிசு பெற்றார். அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மனைப் பற்றி 2017-இல் கண்காட்சி நடத்தினார்.

சேலம், நாமக்கல் அங்கத்தினர்களே! நம் துணி எங்கே செல்கிறது, அதன் கூலி எவருக்குச் சேர்கிறது என்று கேட்பது நம் உரிமை. ஜாதி பாராது அனைவருக்கும் சமக்கூலியும் சம ஆசனமும் அளிப்பது நம் கடமை. கூட்டுறவு என்பதன் பொருள் அதுவே.