சிறுபீளை சிறுநீரகத்தைக் காக்குமா?

கடுந்தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் ஊசி சிறுநீரகத்தைத் தாக்குவது ஏன்? வடிகட்டிய நீரிலிருந்து வேண்டியதை மீட்பது நுண்குழாய்ச் செல்களின் வேலை. அவற்றின் மேலுள்ள மெகாலின் என்ற புரதம், சிறு புரதங்களோடு ஜென்டாமைசினையும் உள்ளே இழுத்துவிடுகிறது. அது செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோம் பைகளில் தேங்கி அவற்றைக் கிழிக்கிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, வினைவேகம் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல் மடிகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது.

குன்றாண்டார்கோவில் போன்ற புதுக்கோட்டையின் வறண்ட ஊர்களுக்குப் பழகிய செடி சிறுபீளை. கல்லடைப்புக்குச் சித்த மருத்துவம் தரும் மூலிகை இது. மேலே சொன்ன சேதத்தை இது தடுக்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வெளியான, கர்நாடகத்தின் மணிப்பாலில் நடந்த ஆய்வில், இதன் எத்தனால் சாறு எலிகளுக்குத் தரப்பட்டது. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினால் ஏறிய யூரியாவும் கிரியாட்டினினும் இறங்கின. ஜென்டாமைசினுக்கு எதிராக, உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் அளவில் முன்கூட்டியே கொடுத்த சாறு சிறுநீரகத்தைக் காத்தது. செடியின் ஃபிளேவனாய்டுகள் அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குவது காரணமாகலாம்.

எனக்கு இது உண்மையான நம்பிக்கை தருகிறது. ஆனாலும் எலிக்குக் கொடுத்த சாறு வேறு, நாம் வீட்டில் காய்ச்சும் கஷாயம் வேறு. ஊசி போட்டுக்கொள்பவர் கஷாயத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மூலிகை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது. நம் ஆடுதின்னாப்பாளையும் மூலிகைதான். அதன் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இதே நுண்குழாய்களை அழிக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், அதே பேரினத்தைச் சேர்ந்த செடி கலந்த, உடல் மெலிவதற்கான மாத்திரைகளால் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள்.