காணிகள் காட்டிய பச்சிலை

"எப்பவும் ஒரே அசதியா இருக்கு வைத்தியரே, ஒரு டானிக் எழுதுங்க!" என்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

1987-இல் அகத்தியமலைக் காட்டுக்கு ஆராய்ச்சிக்குப் போன டாக்டர் புஷ்பாங்கதன் குழுவினர் ஏறி ஏறிக் களைத்துவிட்டார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்களோ ஏதோ ஒரு காயைத் தின்றபடி தெம்பாக நடந்தார்கள். (நம்ம பேச்சிப்பாறை மலையிலும் இருக்கிறார்களே, அதே காணி மக்கள்தான்.) அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை.

அதன் இலையிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தது. 1995-இல் தயாரிப்பு உரிமை கைமாறியபோது கிடைத்த 10 லட்சம் ரூபாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனா, செடி வளர்வது காட்டு நிழலில். காடு இருப்பது வனத்துறை கையில். இலை பறிக்க ஆட்சேபம் வந்தது. மருந்தைச் சொன்னவர்கள் கைகட்டி நின்றார்கள்!

நீங்களாக அந்தச் செடியைத் தேடிப் போயிடாதீங்க. அசதிக்குக் காரணம் ரத்தசோகையா, சர்க்கரையா என்று முதலில் பாருங்க.