முத்து விலையும் பவர் கழித்தலும்

பவர் வகுத்தல் விதி எல்லாருக்கும் தெரியும்: அடி ஒண்ணா இருந்தா, மேலே உள்ள பவரிலிருந்து கீழே உள்ள பவரைக் கழிக்கணும். அ⁵ ÷ அ² = அ³. ஆனா இதை வெச்சு யாராவது காசு பார்த்தாங்களான்னு கேட்டா, பதில் நம்ம காயல்பட்டினம் கடற்கரையிலேயே இருக்கு.

தூத்துக்குடி, காயல் பக்கத்துக் கடல்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்தை வெறும் எடைக்கு விக்கலை. எடையை மஞ்சாடியில் நிறுத்தாங்க. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. அப்புறம் ‘செவ்வு’ன்னு ஒரு கணக்கு போட்டாங்க. மொத்த எடையை வர்க்கம் பண்ணி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கணும். கூடவே ஒரு மாறிலியும் பெருக்குவாங்க. அது எல்லாக் குவியலுக்கும் ஒண்ணுதான், அதனால இங்கே விட்டுடலாம்.

மொத்த எடை எ, எண்ணிக்கை மு, ஒரு முத்தின் எடை த. எல்லாம் ஒரே சைஸ்னா எ = மு × த.

செவ்வு = எ² ÷ மு
= (மு × த)² ÷ மு
= மு² × த² ÷ மு
= மு × த²

கடைசி வரியில நடந்தது மு²⁻¹ = மு¹, அவ்வளவுதான். பரீட்சையில நிறைய பேர் சறுக்குறது இதுக்கு முந்தின படியில. அடைப்புக்குள்ள இருக்கும் மு-வையும் கீழ இருக்கும் மு-வையும் அப்படியே அடிச்சுட்டு த² ன்னு எழுதிடுவாங்க. அடைப்புக்கு மேல பவர் இருந்தா, முதல்ல அதை உள்ளே ஒவ்வொண்ணுக்கும் கொடுக்கணும், அப்புறம்தான் கழிக்கணும்.

எண் போட்டுப் பாருங்க. 2 மஞ்சாடி முத்து 6: மொத்தம் 12, செவ்வு 144 ÷ 6 = 24. அரை மஞ்சாடி முத்து 24: மொத்தம் அதே 12, செவ்வு 144 ÷ 24 = 6. எடை ஒண்ணு, மதிப்பு நாலில் ஒரு பங்கு. தப்பா அடிச்சவங்களுக்கு முதல் குவியல் 24-க்கு பதிலா வெறும் 4. வித்தவர் கதி என்ன?

இப்போ ஒரு மஞ்சாடிக்கு எவ்வளவு மதிப்பு?

(மு × த²) ÷ (மு × த) = மு⁰ × த¹ = த

பூஜ்ய பவர் ஏன் 1-ன்னு இங்கே புரியும். மு-வை மு-வால் வகுத்தா 1 தானே (மு பூஜ்யமா இல்லாத வரைக்கும்). அதாவது மஞ்சாடிக்கு இத்தனைன்னு வரும் ரேட், எத்தனை முத்து இருக்குங்கிறதைப் பொறுத்தது இல்ல, முத்தின் சைஸை மட்டும் பொறுத்தது. பெரிய முத்துக்கு மவுசு ஏன்னு இந்த ஒரு வரி சொல்லிடும்.

மொத்த எடை மாறாம இருந்தா செவ்வு = எ² × மு⁻¹. மைனஸ் பவர்னா விடை மைனஸ்னு அர்த்தம் இல்ல. எண்ணிக்கை இரண்டு மடங்கானா மதிப்பு பாதியாகும், அதான் அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: மு × த² ங்கிறது ஒரே சைஸ் முத்துக்கு மட்டும்தான். 1 மஞ்சாடி ஒண்ணு, 3 மஞ்சாடி ஒண்ணு எடுத்துக்கோங்க. தனித்தனியா 1 + 9 = 10. சேர்த்துப் போட்டா 4² ÷ 2 = 8. கலந்து வித்தா நஷ்டம்! விக்கிறதுக்கு முன்னாடி 20 ஓட்டையிலிருந்து 1000 ஓட்டை வரைக்கும் பத்து பித்தளைச் சல்லடையில சலிச்சு சைஸ் பிரிச்ச பழக்கத்துக்கு, கணக்கே ஒரு நியாயம் சொல்லுது.

நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க: எல்லா முத்தின் எடையும் மூணு மடங்கானா, செவ்வு எத்தனை மடங்கு?