பொது என்பது ஆளில்லாதது அன்று

'பொது' என்னும் சொல்லை நாம் இன்று தளர்ந்த பொருளிலேயே வழங்கி வருகிறோம். பொதுச்சொத்து என்றால் கேட்பாரற்ற சொத்து என்று எண்ணிவிடுகிறோம். 1968ஆம் ஆண்டு காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை இவ்வெண்ணத்திற்கு வலுச் சேர்த்தது. எல்லார்க்கும் திறந்துகிடக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் மேலும் ஒரு மாட்டை விடுவர். முடிவில் நிலமே அழியும் என்றார் அவர்.

இம்முடிவு எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும் பிலிப்பைன்சின் பாசனக் குழுக்களையும் ஆராய்ந்து, 1990இல் நூலாக வெளியிட்டார். எல்லையை வகுக்கவும், விதி செய்யவும், மீறுவோரைத் திருத்தவும் பயன்பெறுவோருக்கே உரிமை இருந்த இடங்களில் பொதுவளம் பல தலைமுறை நிலைத்திருந்தது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற்பெண்மணி அவரே.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சபா மாநிலத்தின் கடசான்டூசுன் மக்கள் ஆற்றுமீனைக் காக்கும் மரபைத் 'தகால்' என்பர். அவர்தம் மொழியில் அதற்குத் 'தடை' என்பது பொருள். ஆற்றை அவர்கள் மூன்றாகப் பகுக்கின்றனர். சிவப்புப் பகுதியில் மீன் பிடித்தலே கூடாது. மஞ்சள் பகுதியில் ஊரார் குறித்த காலத்தில் மட்டும் பிடிக்கலாம். பச்சைப் பகுதியில் விதிகளுக்குட்பட்டு எப்போதும் பிடிக்கலாம். மீறியவர் 'சோகிட்' எனப்படும் வழக்காற்றுத் தண்டத்தைச் செலுத்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இம்மரபிற்குச் சட்டத்தின் துணையை அளித்தது.

தமிழர்க்கும் இத்தகைய ஏற்பாடு புதிதன்று. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது. ஆயினும் நிலமுடையோர்க்கே அங்கு இடமிருந்தது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. உழைப்போர்க்குக் குரலில்லாத பொதுமை நிறைவான பொதுமை ஆகாது.

ஊர் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. தம் ஊர்வழி ஓடும் ஆற்றை மக்கள் காக்கலாம். மேலே காடழிந்து சேறு இறங்கினால் அவர்கள் மட்டும் என் செய்வர்? அங்கே அண்டை ஊரும் அரசும் கைகோத்தல் வேண்டும்.

ஆகவே, வகுப்பறையில் 'பொது' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும்போது, 'அனைவர்க்கும் உரியது' என்பதோடு நிறுத்தாமல், 'அனைவரும் காக்க வேண்டியது' என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.