ப்ளேடுக்கு எவ்வளவு டென்ஷன் வேணும்?

ப்ளேடு போடுறேன்னு நினைக்காதீங்க, இது நிஜமாவே ப்ளேடு பத்தின கட்டுரைதான். ப்ளைவுட்ல வளைவு நெளிவா எழுத்து வெட்டுறதுக்கு ஸ்க்ரோல் சா மெஷின் இருக்கே, அதுல போன செமஸ்டர் ஒரே சாயங்காலத்துல ஐந்து ப்ளேடு உடைச்சேன். டிபார்ட்மெண்ட் விழாவுக்குப் பெயர்ப்பலகை. விடிஞ்சா விழா. கையில மிச்சம் ஒரே ஒரு ப்ளேடு.

தப்பு எங்கன்னா, தடிமனான ப்ளேடைக் கழட்டிட்டு, சின்னச் சுழிகளுக்காக மெல்லிசு ஒண்ணை மாட்டினேன். டென்ஷன் திருகை மட்டும் தொடவே இல்ல. இழுவிசை அதேதான், ஆனா அதைத் தாங்குற பரப்பு குறைஞ்சுபோச்சு. அப்போ ஸ்ட்ரெஸ் ஏறாம என்ன செய்யும்? முதல் ரெண்டு ப்ளேடு 'டப்'.

பயந்துபோய் ரொம்பத் தளர்த்தினேன். அது இன்னும் மோசம். மரத்தைத் தள்ளினா ப்ளேடு நடுவுல வயிறு தள்ளுது. மேல கோட்டுல போற வெட்டு, அடியில வேற பக்கம் போகுது. எழுத்தோட உள்துண்டு வெளிய வரவே மாட்டேங்குது. தளர்வா இருந்தாலும் ப்ளேடு உடையும். ஒவ்வொரு அடிக்கும் வளைஞ்சு நிமிர்ந்தா ஃபெட்டீக் வரும்னு எஸ்.ஓ.எம்.ல எழுதி மார்க் வாங்கினவன்தான் நான்!

சரி, எப்படி வைக்கணும்? மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. புது ப்ளேடுல எண்ணெய் இருக்கும், ரெண்டு முனையையும் துடைங்க, இல்லேன்னா கிளாம்ப்ல வழுக்கும். பல் கீழ்நோக்கி இருக்கணும். மாட்டி இறுக்கிட்டு, நடுவுல விரலால பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. சுமார் 3 மில்லிமீட்டர் நகர்ந்தா போதும். அப்புறம் பல் இல்லாத முதுகுப் பக்கத்துல கிட்டார் கம்பி மாதிரி சுண்டுங்க. 'தொப்'புன்னு கேட்டா பத்தாது, தெளிவா 'டிங்'னு கேக்கணும்.

இந்த 'டிங்' சும்மா ஜோசியம் இல்ல. கம்பியோட அதிர்வெண் ஃபார்முலாவுல இழுவிசையை, ஒரு மீட்டர் நீளத்தோட நிறையால வகுப்போம். இழுவிசைன்னா ஸ்ட்ரெஸ் பெருக்கல் பரப்பு. நிறைன்னா அடர்த்தி பெருக்கல் பரப்பு. மேலயும் கீழயும் பரப்பை அடிச்சுடலாம். மிச்சம் இருக்கிறது ஸ்ட்ரெஸ், அடர்த்தி, நீளம் மட்டும்தான். அதாவது ஒரே நீளத்துல ப்ளேடு மெல்லிசோ தடிமனோ, சுருதி ஒண்ணா இருந்தா ஸ்ட்ரெஸ்ஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். திருகு எந்த இடத்துல நிக்குதுன்னு ஞாபகம் வச்சுக்கிறதைவிட, நல்லா வெட்டின ப்ளேடோட சுருதியை போன் ட்யூனர் ஆப்ல பார்த்து எழுதி வச்சுக்கோங்க. ப்ளேடு மாத்தினா அதே சுருதிக்குத் திருகுங்க.

புது ப்ளேடு ஓட ஆரம்பிச்சதும் சூட்டுல கொஞ்சம் நீளும், ஒரு சில நிமிஷம் கழிச்சு நிறுத்தி மறுபடி சுண்டிப் பாருங்க. வேலை முடிஞ்சா டென்ஷனைத் தளர்த்திட்டுப் போங்க.

அந்த ஆறாவது ப்ளேடை ராத்திரி பதினொன்றரைக்கு இப்படித்தான் சுண்டிச் சுண்டி மாட்டினேன். கடைசி எழுத்தோட சுழி வரைக்கும் தாங்குச்சு.