உங்களுக்குத் தெரியுமா? கப்பலில் ஒரு குட்டி லீவு

வவுனியா நெளுக்குளத்துக்காரருக்குக் கடல் தூரம். மன்னார் வீதியால் மேற்கே போனாலும் சரி, கிழக்கே முல்லைத்தீவுக்குப் போனாலும் சரி, பஸ்ஸில் நன்றாகக் குலுங்கித்தான் அலையைப் பார்க்கலாம். ஆனால் இங்கிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அனுப்பும் லீவுப் படங்களில் கப்பல் மேல்தட்டு அடிக்கடி வருகிறது. அவர்களுக்கும், படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கும் இந்தப் பக்கம்.

● ஒஸ்லோவிலிருந்து ஜேர்மனியின் கீல் நகருக்கு ஓடும் கலர் லைன் கப்பல் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 10 மணிக்குப் போய்ச் சேரும். அன்றே பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிடும். இரண்டு இரவு கப்பலில், நான்கு மணித்தியாலம் ஜேர்மனியில். கடை, சாப்பாடு, நீச்சல், பாட்டு எல்லாம் கப்பலுக்குள்ளேயே இருப்பதால் ஜேர்மனி வெறும் சாட்டுத்தான்.

● ஸ்டொக்ஹோமுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே ஓடும் கப்பல்கள் எல்லாரும் நித்திரையாகக் கிடக்கும் நேரத்தில் மரியஹாம் என்ற சின்னத் துறைமுகத்துக்குள் போய் வருவது ஏன்? 1999 ஜூலை 1ஆம் திகதியோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான பயணங்களில் வரியில்லாச் சாமான் விற்பது நின்றது. மரியஹாம் இருக்கும் ஓலண்ட் தீவுகள் பின்லாந்துக்குச் சொந்தமானவை. ஆனால் ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பவை. அங்கே தொட்டுவிட்டுப் போனால் சென்ற்றும் சொக்லேற்றும் போத்தலும் வரியில்லாமல் விற்கலாம்.

● அலாஸ்கா போகும் உல்லாசக் கப்பல் கனடாவின் வன்கூவரிலோ விக்டோரியாவிலோ நிற்பதும் அழகு காட்ட மட்டுமல்ல. வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல் இடையில் அயல்நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம்.

● பெட்டி கட்டும் அம்மாமாருக்கு: பெரிய உல்லாசக் கப்பல்களின் அறைக்குள் அயர்ன் பெட்டி, அடுப்பு, சோறு வடிக்கும் குக்கர் எதுவும் விடமாட்டார்கள். ஊதுபத்தியும் மெழுகுதிரியும்கூடத் தடை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி வேண்டுமென்றால் பயணம் பதியும்போதே சொல்லி வைப்பதுதான் வழி.

● இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸ் கரைக்கும் இடையே கடல் மிகக் குறுகும் இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீற்றர். எதிர்க்கரையில் உள்ள கலேக்குப் போக ஒன்றரை மணித்தியாலம். லண்டனிலிருந்து காரோடு கப்பல் ஏறினால் பிற்பகலுக்குள் பாரிஸ் லா சப்பல் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கலாம். ஆனால் ஒன்று. 2003இல் செய்த லே துக்கே ஒப்பந்தப்படி பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். பிரித்தானியாவில் வதிவிட அனுமதி இருக்கிறது, கையில் இலங்கைக் கடவுச்சீட்டு, ஷெங்கன் விசா இல்லை என்றால், கடலைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

● அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர்கள் கப்பல் எங்கெங்கே நிற்கும் என்ற பட்டியலை இரண்டு தரம் படியுங்கள். அந்த ஆவணம் பொதுவாகச் சொந்த நாட்டைத் தவிர்த்தே செல்லுபடியாகும். கப்பல் கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ நிற்பதாக இருந்தால், ஏறும் துறைமுகத்திலேயே உங்களை விட்டுவிட்டுப் போகலாம். கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்று இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவர் மயாமியில் கப்பல் ஏற அமெரிக்க விசா வேண்டும். அதுவும் பல தடவை உள்ளே வரக்கூடிய விசா.

● டோவர் கதை நமக்குப் புதிதல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடலும் கிட்டத்தட்ட அதே அகலம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், பிறகு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் என்று ஒரே சீட்டில் பயணம். போட் மெயில் என்றால் நம் தாத்தாமாருக்குத் தெரியும். வவுனியாவில் ரயில் ஏறி மதவாச்சியில் மாறினால் தலைமன்னார்த் துறை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது.

● அந்தப் பாதையில் ஏழைக்கு வேறு நடைமுறை. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை, தமிழ்நாட்டில் மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். அதே மண்டபம் முகாம்தான் பின்னாளில் நம் அகதிகளை வரவேற்றது. வன்னியில் அந்த முகாமின் பெயர் தெரியாத வீடு குறைவு.

● 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் ஒன்று ஆரம்பமானது. அந்த ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே உல்லாசப் பயணிகளை ஏற்றியது. இங்கே அது தமிழ்நாட்டிலிருந்து ஊர் திரும்பிய அகதிகளையும் அவர்களின் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்தது. விமானத்தில் சட்டி பானை ஏறாது, கப்பலில் ஏறும். நவம்பரிலேயே சேவை நின்றுவிட்டது.

● 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. 1990இல் றோயல் கரிபியன் நிறுவனத்துக்காகக் கட்டியது. கரிபியன் கடலில் உழைத்து, வயதான காலத்தில் நம் பக்கம் வந்தது.

● 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐக்கன் ஒப் த சீஸ்’ என்ற உல்லாசக் கப்பலின் நீளம் 365 மீற்றர். பயணிகள் மட்டும் 7,000 பேருக்கு மேல் ஏறலாம். அதே ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய ‘சிவகங்கை’யில் 150 இருக்கைகள். சுமார் 110 கிலோமீற்றர், நான்கு மணித்தியாலம். நீச்சல் தடாகம் கிடையாது, சூதாட்ட மேசை கிடையாது. இறங்கினால் ரயில் நிலையம் பக்கத்தில். அந்தப் பாதை வவுனியாவுக்கு வரும். லண்டனிலிருந்து வருகிறவர் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துவிட்டு ஊருக்கு வர இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம்.

● 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறை வரை ரயில் பாதை மீண்டும் திறந்தது. ரயில் வருகிறது. பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த இரும்புத் தூண்களும் வெளிச்சவீடும் நிற்கின்றன. கப்பல்தான் இல்லை. பேச்சு மட்டும் வருடாவருடம் ஓடுகிறது.

● காங்கேசன்துறைக் கப்பலை நம்பி விமானச்சீட்டு வாங்குமுன் இரண்டு விடயம். இந்திய இ-விசா குறிப்பிட்ட சில விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும்தான் செல்லும். நீங்கள் ஏறி இறங்கும் துறை அந்தப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். மற்றது, வாடைக்காற்று. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி கோலாகலமாகத் தொடங்கிய முதல் சேவை வடகீழ்ப் பருவமழைக்குப் பயந்து ஒரு கிழமைக்குள் நின்றது. நத்தார் லீவுக்கு வருகிறவர்கள் விமானத்திலேயே வாருங்கள்.